ஊர் பேரோடு சொன்ன கதை

சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் வஞ்சிர மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் சேதுபதியின் கைப்பேசி அதிர்ந்தது. முகக்கவசத்துக்குள் விட்ட மூச்சில் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெயரைப் பார்த்ததும் மீனும் மறந்தது, பேரமும் மறந்தது.

ஹுசைன்தாத்.

போன ஞாயிற்றுக்கிழமை காபூல் தாலிபான் கையில் விழுந்ததிலிருந்து ஆறு நாளாக இந்தப் பெயருக்காகத்தான் மனிதர் சோறு தண்ணீர் இறங்காமல் காத்திருந்தார். "நலமா?" என்று பத்துத் தடவையாவது எழுதியிருப்பார், பதிலே இல்லை. இப்போது ஆங்கிலத்தில் வந்திருந்தது: "சார், காபூலில் மாமா வீட்டில் ஒளிந்திருக்கிறேன். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள். வீடு வீடாகத் தேடுகிறார்கள். நீங்கள் கொடுத்த சான்றிதழை எரித்துவிட்டேன். என் பெயரோ முகமோ எங்கே இருந்தாலும் எடுத்துவிடுங்கள். முக்கியமாக நீங்கள் மேடையில் பேசிய வீடியோ. தயவுசெய்து."

"அங்கிள், மீன் வெட்டவா வேணாமா?" என்றான் கடைக்காரன். சேதுபதிக்குக் காதில் விழவில்லை. அந்த வீடியோவில் இருந்தது வெறும் பெயரும் முகமும் மட்டும் அல்ல.

சேதுபதி யார் என்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் கால் நூற்றாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியை விட ஊசியைத்தான் அதிகம் பிடித்திருப்பார். நம் நாட்டிலிருந்து ஆப்கானிஸ்தானுக்கு மருத்துவக் குழு போனபோது இவரும் பாமியான் மலைப்பக்கம் போனார். அங்கே இவருக்கு மொழிபெயர்ப்பாளனாக வாய்த்தவன் ஹுசைன்தாத். அப்போது அவனுக்கு இருபது வயது. கிழவிக்குப் பல் வலித்தாலும், குழந்தைக்கு வயிறு போனாலும் இவர் ஆங்கிலத்தில் கேட்பார், அவன் அவர்கள் பாஷையில் கேட்டுச் சொல்வான். தேர்தல் வந்தது. முதல் ஓட்டைப் போட்டுவிட்டு மை பூசிய விரலை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். இவர் சீருடையில் நிற்க, அவன் விரலைத் தூக்கிக் காட்ட, இருவரும் தோள்மேல் கை போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாரா? ஊருக்குத் திரும்பி, ஓய்வும் பெற்று, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு தமிழ் மன்றத்தில் சேர்ந்தார். பிடித்தது வினை. மேடையில் ஒலிவாங்கி கைக்கு வந்துவிட்டால் மனிதருக்கு வேறெதுவும் வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்பு மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. 'மக்களாட்சி மலர வழி மக்கள் எழுச்சியா, அந்நியப் படையா?' படை அணியில் நிற்க ஒருவரும் முன்வரவில்லை. யார் நிற்பார்கள்? கைத்தட்டல் எல்லாம் எழுச்சிக்குத்தானே விழும். இவர் நின்றார். நின்றதோடு ஜெயித்தும் காட்டினார்.

எப்படி ஜெயித்தார் என்பதில்தான் இருக்கிறது சங்கதி. ஊர், பேர், அப்பன் பேர் சொல்லாத கதையை நம் ஜனங்கள் நம்பமாட்டார்கள். எந்தப் பட்டிமன்றத்திலும் பாருங்கள், "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று ஆரம்பித்தால் கூட்டம் கைப்பேசியை நோண்டும். "ஈப்போ கந்தன் மகன் ராசப்பன்" என்றால்தான் நிமிர்ந்து உட்காரும். சேதுபதி கெட்டிக்காரர். ஹுசைன்தாத் என்றார். அப்பா பெயரைச் சொன்னார், கிராமத்தைச் சொன்னார், பள்ளிவாசலுக்கு மேற்கே மூன்றாவது வீடு என்றார். படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார். "அந்நியப் படை போகாமலிருந்தால் இந்த விரலுக்கு மை ஏது?" என்று கேட்டார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி மங்களம் மட்டும் கேட்டாள், "அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று. "அவன் எங்கயோ மலையில இருக்கான். தமிழ்ப் பட்டிமன்றத்தை அங்க யாரு பாக்கப் போறா லா?" என்று சிரித்தார். பிறகு அந்த வீடியோவை அவனுக்கே அனுப்பியும் வைத்தார். ஊரே கூடி உட்கார்ந்து பார்த்ததாக அவன் சந்தோஷமாக எழுதியிருந்தான்.

மீன் வாங்கப் போன மனிதர் வெறுங்கையோடு சந்தையை விட்டு வெளியே வந்தார். வந்ததும் மங்களத்தைக் கூப்பிட்டார்.

"மங்களம், பழைய ஆல்பத்தை எடு. பாமியான் படம் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடு. ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"என்னங்க ஆச்சு? அந்தப் பையனா?"

"கேள்வி கேக்காதே, கிழி!"

மனைவியிடம் இப்படிக் கத்துகிறவர் அல்லர். பயம் அவரை அப்படிக் கத்த வைத்தது. நடந்துகொண்டே தன் கைப்பேசியில் இருந்த படங்களையும் ஒவ்வொன்றாக அடியோடு அழித்தார். அவசரத்தில் பேத்தியின் பிறந்தநாள் படங்களும் இரண்டு சேர்ந்து போயின.

மன்றத்தின் செயலாளர் காதர் மைதீனுக்கு டன்லப் தெருவில் அத்தர் கடை. சேதுபதி மூச்சிரைக்க உள்ளே நுழைந்ததைப் பார்த்துப் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் கல்லாப்பெட்டியைப் பூட்டிவிட்டு, கடைக் கணினியில் வீடியோவைத் தேடி எடுத்தார். நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

"யா அல்லா! நம்ம மன்றத்துல மொத்தம் நூத்திப் பத்து பேருதானே சேது அண்ணே!"

கீழே கருத்துகள் வரிசையாக இருந்தன. அருமை ஐயா. கண்கலங்க வைத்துவிட்டீர்கள். வாழ்க தமிழ். எல்லாவற்றுக்கும் மேலே, முந்தாநாள் தேதியிட்டு, வலமிருந்து இடமாக ஒரு வரி.

"என்ன பாய் இது? அரபியா?"

"எழுத்து அந்த எழுத்து மாதிரிதான் இருக்கு. ஆனா பாஷை வேற." காதர் மைதீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சின்ன வயதில் ஓதப் படித்தவர். எழுத்தைக் கூட்டிவிடுவார், அர்த்தம்தான் தெரியாது. விரலை வைத்து மெல்லக் கூட்டினார். "ஹு... ஹுசைன்... அப்புறம்... பா... பாமியான்..." அவர் குரல் அப்படியே இறங்கிவிட்டது. விரலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்.

சேதுபதி அந்த வரியைக் கைப்பேசியால் படம் பிடித்து மொழிபெயர்க்கச் செய்தார். அரைகுறைத் தமிழில் வந்து விழுந்தது: 'பாமியான் ஹுசைன்தாத் இந்த மனிதன் இப்போது வீடு எங்கே.'

கடைக்குள் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தும் சேதுபதியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இப்பவே எடுத்துடுங்க பாய். இப்பவே!"

"என் கையில இருந்தா எடுக்க மாட்டேனா? இது மன்றத்து அக்கவுண்ட் இல்ல. அழகேசன் போட்டது. அவன் சேனல்."

அழகேசன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், கட்டுமான வேலைக்கு வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்துக்கு வந்து சும்மாவே வீடியோ எடுத்துக் கொடுப்பான். கோவிட் வந்த பிறகு வெளிநாட்டுத் தொழிலாளிகளை விடுதியை விட்டு வெளியே விடுவதில்லை. வேலைக்குப் போகலாம், திரும்ப விடுதிக்கு வரலாம், அவ்வளவுதான். ஒன்றரை வருஷமாக அவன் தேக்காவையே பார்க்கவில்லை. காதர் மைதீன் ஆறு முறை அழைத்தும் அவன் எடுக்கவில்லை. சைட்டில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வேலை செய்யவேண்டும், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து இரண்டு மணிக்கு லாரி ஏறும்போதுதான் கைக்கு வரும்.

"மன்றத்துல வேற காப்பி இருக்கா?"

காதர் மைதீன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். சேதுபதி அதைப் பிடுங்கி, அத்தர் பெட்டி உடைக்கிற சுத்தியலால் தரையில் வைத்து நாலு போடு போட்டார். ஒரு அடி தன் கட்டைவிரலிலும் விழுந்தது. அது வலித்ததாகக்கூடத் தெரியவில்லை.

இரண்டு மணிவரை காத்திருக்க முடியாது என்று டாக்சி பிடித்துக் கிராஞ்சியில் இருந்த அவன் விடுதி வாசலுக்கே போய் நின்றார். போனாலும் அங்கேயும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. காவலாளி உள்ளே விடமாட்டேன் என்றார். வேலியோரம் வெயிலில் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவைத் திறந்து பார்த்தார். நாற்பத்தோராயிரத்து இருபது. நாற்பத்தோராயிரத்து இருபத்தாறு. அந்த ஆறு பேரும் யார்? தானே திறந்து திறந்து பார்ப்பதும் அதில் சேர்கிறதோ என்று தோன்றியதும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டார். பயந்த மனிதனுக்கு எதைச் செய்தாலும் தப்பாகவே படும்.

லாரி வந்தது. பின்னால் முகக்கவசத்தோடு இருபது முகங்கள். அழகேசன் குதித்து இறங்கி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"ஐயா! நீங்க எங்க இங்க? மன்றத்துல யாருக்காச்சும் ஏதாவதா?"

சேதுபதி சொன்னார். அவன் உடனே கைப்பேசியை எடுத்தான். இரண்டு நிமிடத்தில் வீடியோ போய்விட்டது. சேதுபதி தன் கைப்பேசியில் திறந்து பார்த்தார். இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

"ரூம்ல இருக்கிற ஹார்ட் டிஸ்க்ல?"

"அது என்கிட்டதானே ஐயா இருக்கு? யாரு பாக்கப் போறா? நான் எடுத்த முதல் பெரிய நிகழ்ச்சி. ஒரு காப்பி மட்டும்..."

"வேணாம் அழகேசா. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு அவனுக்கு. சத்தியம் பண்ணு, அழிச்சிடுவேன்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சத்தியம் செய்தான். உள்ளே போய் அழிப்பதை வீடியோ அழைப்பில் காட்டியும் விட்டான். அதற்கு முன்னால், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னான்.

"அன்னைக்கு எல்லாரும் கைத்தட்டுனப்ப கேமராக்குப் பின்னாடி நின்னு ஒண்ணு நெனச்சேன் ஐயா. சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"போன படையும் எங்களை மாதிரி வேலை பெர்மிட்ல வந்தவங்கதானே? என்னைக்காச்சும் பெர்மிட் முடிஞ்சா கெளம்பித்தானே ஆகணும். அந்த ஆளுக்கு அங்கதானே வீடு? இதை யாரும் பேசலையேன்னு நெனச்சேன்."

மேடையாக இருந்தால் சேதுபதி இதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பார். எதிரணி கேட்காத கேள்வியை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவன் கேட்டுவிட்டான். 'நானும்தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்' என்று நினைத்தபோது மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து சேர நாலரை ஆனது. எல்லாம் அழிந்தது என்று ஹுசைன்தாத்துக்கு எழுதிவிட்டு, மங்களம் போட்ட காப்பியை வாயில் வைத்தார். கைப்பேசி அடித்தது. அவனேதான். குரலுக்குப் பின்னால் ஆயிரம் பேர் கத்துவது கேட்டது. இருவரும் எப்போதும் போல ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

"சார், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். மாமா வீட்டில் இனி இருக்க முடியாது. வாசலில் வெளிநாட்டுச் சிப்பாய்கள் ஆதாரம் கேட்கிறார்கள். அவர்களோடு வேலை செய்ததற்கு ஆதாரம். சான்றிதழ் இல்லை. அந்த வீடியோவை உடனே அனுப்புங்கள். அதில் நம் படம் இருக்கிறது."

சேதுபதி கோப்பையைக் கீழே வைத்தார். "நீதானே அழிக்கச் சொன்னாய்?"

"காலையில் மாமா வீட்டு வாசலில் தாலிபான் ஆட்கள் நின்றார்கள் சார். அப்போது அதுதான் பயம். இப்போது அது ஒன்றுதான் வேண்டும். ஒரு காப்பிகூடவா இல்லை?"

அழகேசனைக் கூப்பிட்டார். "தம்பி, எங்கயாச்சும் ஒரு காப்பி..." என்று கெஞ்சினார். "நீங்கதானே ஐயா சத்தியம் வாங்குனீங்க?" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். மங்களம் கிழித்த படங்களைக் கீழ்த்தொட்டிக்குப் போகும் குப்பைக்குழாயில் போட்டிருந்தாள். இருவரும் ஒன்பது மாடி இறங்கிக் கீழே ஓடினார்கள். தொட்டியைக் காலி செய்து மதியமே வண்டி போய்விட்டது என்றார் துப்புரவுக்காரர். காலையில் ஒரு ஆதாரம் கூட மிச்சமிருக்கக் கூடாது என்று இவர் எத்தனை கச்சிதமாக ஓடினாரோ, அத்தனை கச்சிதமாக ஒன்றுமே மிச்சமில்லை.

மறுபடி அவனை அழைத்தார்.

"ஹுசைன்தாத், கேள். நான் சாட்சி. வாசலில் இருக்கிற சிப்பாயிடம் உன் கைப்பேசியைக் கொடு. என் பெயர், பதவி, எண் எல்லாம் சொல்கிறேன். நீ எங்களோடு வேலை செய்தாய் என்று சொல்கிறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குழந்தையின் அழுகை கேட்டது.

"சரி சார். ஆனால் வாசலுக்குப் போகிற வழியில் அவர்களும் நிற்கிறார்கள். கைப்பேசியைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். யாராவது பேசினால், அது அவர்களாக இருந்தால், உங்களுக்கு என்னைத் தெரியாது. வாசல் ஆட்களாக இருந்தால் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வாசலில் ஆங்கிலம் பேசுவார்கள் சார்."

அழைப்பு போய்விட்டது.

மணி ஐந்தானது, ஐந்தரையானது. மங்களம் பூஜை மாடத்துக்கு முன்னால் போய் உட்காருவதும் திரும்ப வருவதுமாக இருந்தாள். கீழே விளையாட்டிடத்தில் பிள்ளைகள் கத்துவது ஜன்னல் வழியே வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சேதுபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாமியானில் குண்டு வெடித்த நாளிலும் இவருக்குக் கை நடுங்கியதில்லை. அப்போது சுற்றிலும் ஒரு படை இருந்தது. இப்போது சோபாவில் உட்கார்ந்துகொண்டு நடுங்கினார்.

ஆறு பத்துக்குக் கைப்பேசி அடித்தது. ஹுசைன்தாத்தின் எண். குரல் அவனுடையது இல்லை.

"ஹலோ. யார் பேசுவது?"

ஆங்கிலம்தான். ஆனால் ஹுசைன்தாத் பேசுவது போன்ற, அந்த நாட்டு உச்சரிப்பில் ஆங்கிலம். சேதுபதி எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கள் யார்?"

"நான் கேட்கிறேன். நீ பதில் சொல். இந்த மனிதனை உனக்குத் தெரியுமா? வெளிநாட்டுப் படையோடு வேலை செய்தானா?"

இடையில் துப்பாக்கிச் சத்தம் இரண்டு முறை கேட்டது. யார் சுட்டார்கள், வானத்தைப் பார்த்தா மனிதர்களைப் பார்த்தா, ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குழந்தை இப்போது அழவில்லை. ஏன் அழவில்லை? அவர்களிலும் ஆங்கிலம் தெரிந்தவன் இருப்பானே. இருப்பான், பள்ளிக்கூடம் போனவன் ஒருவனாவது இருப்பான். தெரியும் என்று சொன்ன அடுத்த நொடி அவனை மண்டியிட வைப்பார்களோ? தெரியாது என்று சொன்னால்? காப்பாற்ற வந்தவனும் கொல்ல வந்தவனும் கேட்பது ஒரே கேள்வியாக இருந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

"நீங்கள் எந்தப் படை? பெயரைச் சொல்லுங்கள்," என்றார்.

"நேரமில்லை. தெரியுமா, தெரியாதா?"

மங்களம் அவர் கையைப் பிடித்தாள். அவள் கையும் சில்லிட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று அவன் பெயரை, அவன் அப்பன் பெயரை, வீட்டு அடையாளத்தை எல்லாம் கேட்காமலே அள்ளி வீசிய வாய் இது. இந்த ஒரு தடவையாவது வாயைக் கட்ட வேண்டும் என்று நினைத்தார்.

"தெரியாது," என்றார். "எனக்கு அப்படி யாரையும் தெரியாது. தவறான எண்."

பிறகு அந்த மனிதர் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது: "தெரியாது என்கிறார், சார்ஜென்ட்."

கேள்வி கேட்டது வாசல் படையின் மொழிபெயர்ப்பாளன் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பதில் சொன்ன குரலை அடையாளம் காணச் சிரமமே இல்லை. படங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய, மூக்கால் இழுத்துப் பேசும் அமெரிக்கக் குரல். களைத்துப்போயிருந்தது. "அப்படியானால் முடியாது. அவர்களை வரிசையிலிருந்து வெளியே அனுப்பு. அடுத்த ஆள்."

"தெரியும்!" என்று சேதுபதி அலறினார். "தெரியும், தெரியும்! ஹுசைன்தாத்! என்னோடு வேலை செய்தவன்! சார்ஜென்ட்! ஹலோ!"

தூரத்தில் ஹுசைன்தாத் "சார்" என்று கூப்பிட்டது போல இருந்தது. அது தன்னையா, அந்தச் சார்ஜென்ட்டையா என்று தெரிவதற்குள் அழைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தார். அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி அழைத்தார். ஏழாவது தடவைக்குப் பிறகு மங்களம் கைப்பேசியை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்தாள்.

"என்னங்க? யாரு பேசுனது? தாலிபான்காரனா?"

சேதுபதி அவளைப் பார்த்தார்.

"இல்ல மங்களம்," என்றார். "நம்ம ஆளுங்கதான்."